தோல் பேரியர் கெட்டுப்போனா எதைத் தடவுறது: வாஸலினா, செராமைட் கிரீமா, எண்ணெயா, இல்ல ஒண்ணுமே வேணாமா?

ஒரு நாள் காலைல குளிச்சிட்டு வந்து எப்பவும் போடுற மாய்ஸ்சரைசரைத் தடவினேன், மூக்கு ஓரத்துல சுரீர்னு எரிஞ்சுது. ரெண்டு வருஷமா போடுற கிரீம், ஒரு தடவகூட எரிஞ்சதில்ல, சரி தேதி முடிஞ்சிருக்கும்னு டப்பாவைத் திருப்பிப் பாத்தா அதுவும் இல்ல. அன்னிக்கு சாயங்காலம் வெறும் தண்ணில மூஞ்சி கழுவினதுக்கே எரிச்சல். கண்ணாடில தோல் பளபளன்னு தெரியுது, நானும் ஒரு மாசமா அதை க்ளோன்னு நினைச்சு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன், கிட்டப் போய் சிரிச்சுப் பாத்தாத்தான் தெரியுது கன்னம் பூரா பாலிதீன் கவரைக் கசக்கின மாதிரி மெல்லிசா கோடு கோடா இருக்கு. க்ளோவும் இல்ல ஒண்ணும் இல்ல, மேல் தோல் காஞ்சு இழுத்துப் பிடிச்சிட்டு நிக்குது.

காரணம் தேட வேண்டிய அவசியமே இல்ல. ராத்திரி ரெட்டினால் (சுருக்கத்துக்குப் போடுற வைட்டமின் ஏ வகை), ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளைகாலிக் ஆசிட் டோனர் (செத்த தோலை உரிக்கிறது), காலைலயும் ராத்திரியும் நுரை பொங்குற ஃபேஸ்வாஷ், இதெல்லாம் பத்தாதுன்னு வாரத்துக்கு ஒரு தடவ ஸ்க்ரப் வேற. மூணு மாசம் இப்படி ஓட்டினா எந்தத் தோல்தான் தாங்கும்.

சரி இப்ப இதை எதை வச்சு சரி பண்றதுன்னு தேட ஆரம்பிச்சா தலை சுத்திடும். ஒருத்தர் வாஸலின் போதும்பார், ஒருத்தர் செராமைட் இல்லாம வேலைக்கே ஆகாதும்பார், இன்னொருத்தர் எண்ணெய் மட்டும் தடவுங்க மத்ததெல்லாம் கெமிக்கல்னு சொல்வார். நான் எல்லாத்தையும் முட்டி மோதிப் பாத்துட்டு, படிச்சதையும் சேத்து வச்சு எழுதுறேன், கடைசில எனக்குத் தோணுறதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

முதல்ல இந்த பேரியர்னா என்னன்னு ரெண்டு வரில பாத்துடலாம், இது புரிஞ்சாத்தான் எதை எதோட கம்பேர் பண்றோம்னே புரியும். தோலோட ஆக மேல இருக்கிற அடுக்குக்கு ஸ்ட்ராட்டம் கார்னியம்னு பேரு, உடம்புல பெரும்பாலான இடத்துல அது 10லேருந்து 20 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு தலைமுடியோட கனம்கூடக் கிடையாது. பீட்டர் இலியாஸ்னு ஒரு அமெரிக்கத் தோல் ஆராய்ச்சியாளர் இதை செங்கல் சுவர்னு சொல்லி விளக்கினார், இன்னிக்கு வரைக்கும் அதுதான் எல்லா இடத்துலயும் ஓடுது. செத்துத் தட்டையான செல்கள் செங்கல், நடுவுல பூசியிருக்கிற கொழுப்புதான் சாந்து. அந்த சாந்துல எடைக்கணக்குல பாதி செராமைட், கால்வாசி கொலஸ்ட்ரால், மிச்சத்துல பெரும்பங்கு கொழுப்பு அமிலம். செங்கலுக்கு உள்ளயும் தண்ணியப் பிடிச்சு வைக்கிற சமாச்சாரம் இருக்கு, அமினோ அமிலம், யூரியா, லாக்டிக் ஆசிட் மாதிரி, அதுல நிறைய ஃபிலாக்ரின்ங்கிற புரதம் உடைஞ்சு வர்றது. 2006ல இந்த ஃபிலாக்ரின் ஜீன்ல கோளாறு இருக்கிறவங்களுக்கு எக்ஸிமா, அதாவது தோல் காஞ்சு சிவந்து அரிக்கிற நோய், வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம்னு கண்டுபிடிச்சாங்க, அதனால சிலருக்கு நம்ம மாதிரி கண்டதைத் தடவிக் கெடுத்துக்கிற கதையே கிடையாது, பிறக்கும்போதே சுவர் கொஞ்சம் வீக்.

ஆக கெட்டுப்போச்சுன்னா என்ன ஆகும்? உள்ள இருக்கிற தண்ணி ஆவியா வெளிய போகும், வெளிய இருக்கிற சோப்பு, வாசனைப் பொருள், கிருமி எல்லாம் உள்ள வரும். எரிச்சல், இறுக்கம், செதில், அரிப்பு எல்லாம் இதோட வெளிப்பாடுதான்.

இப்ப ஆப்ஷன்களுக்கு வருவோம். முதல் ஆப்ஷன் யாருமே எண்ணிக்கைல சேக்கிறதில்ல, ஏன்னா அதை யாரும் விக்கிறதில்ல: நிறுத்துறது. ஆசிட், ரெட்டினால், ஸ்க்ரப், வைட்டமின் சி, டோனர், வாசனை வர்ற எல்லாம், மொத்தமா கட். தோலுக்கு அடி பட்ட உடனே, நெஜமாவே சில நிமிஷத்துலயே, உள்ள தயாரா வச்சிருக்கிற கொழுப்பை மேல தள்ள ஆரம்பிச்சுடும், அடுத்த சில மணி நேரத்துல புதுசா தயாரிக்கவும் ஆரம்பிக்கும். ஆராய்ச்சிக்காக டேப் ஒட்டி ஒட்டிப் பிச்சு எடுத்த தோல்கூட நல்ல ஆரோக்கியமான சின்ன வயசுக்காரங்களுக்கு மூணு நாலு நாள்ல பெருசா சரியாயிடுது, வயசானவங்களுக்கு இன்னும் இழுக்கும். நம்ம தோல் மட்டும் ஏன் ஒரு மாசமானாலும் சரியாகலைன்னா, அது கட்டுற வேகத்துக்கு நாம இடிச்சிட்டே இருக்கோம், அதான். எனக்கு நிறுத்தின அஞ்சாவது நாளே தண்ணி பட்டா வர்ற எரிச்சல் போயிடுச்சு, அதுக்குள்ள நான் புதுசா எந்த கிரீமும் வாங்கக்கூட இல்ல. ஆனா இறுக்கமும் செதிலும் போகல, அதுக்கு ஏதாவது தடவித்தான் ஆகணும்.

அடுத்து வாஸலின், அதாவது பெட்ரோலேட்டம். இதோட கதை சுவாரசியமானது, 1859ல ராபர்ட் செஸ்ப்ரோன்னு ஒரு கெமிஸ்ட் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறு பக்கம் போனப்போ பம்ப் கம்பில ஒட்டி வேலையக் கெடுக்கிற மெழுகை அங்க வேலை பாக்கிறவங்க வெட்டுக்காயத்துக்கும் சுட்ட புண்ணுக்கும் தடவிக்கிறதைப் பாத்துட்டு, அதை எடுத்துட்டு வந்து சுத்தம் பண்ணி 1872ல பேட்டன்ட் வாங்கினார். நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் தண்ணி ஆவியாப் போறதைத் தடுக்கிறதுல இதை அடிச்சுக்க ஆளில்ல.

பெட்ரோலேட்டம்னா தோல் மேல பிளாஸ்டிக் ஷீட் போட்ட மாதிரி மூச்சு முட்டும்னு சொல்வாங்க பாருங்க, அது சரியில்ல. காத்தே புகாத உறையால தோலை மூடினா ரிப்பேர் வேலை நின்னு போகுதுன்னு 1980கள்லயே காட்டினாங்க, ஏன்னா தண்ணி வெளிய போறதுதான் தோலுக்கு "ஓட்டை விழுந்திருக்கு, வா, அடை"ங்கிற சிக்னல். அதே பயம்தான் பெட்ரோலேட்டம் மேலயும் இருந்துது. 1992ல இலியாஸோட குழு மைக்ராஸ்கோப்ல பாத்தா, அது மேல உக்காராம செல்களுக்கு நடுவுல இருக்கிற இடுக்குக்குள்ள இறங்கியிருக்கு, ரிப்பேரும் பாட்டுக்கு நடந்துட்டு இருக்கு. சாந்து இல்லாத இடத்துல தற்காலிகமா களிமண்ணை அப்பின மாதிரி வச்சுக்கலாம்.

இன்னொரு பெரிய ப்ளஸ், இதுல வாசனை கிடையாது, தண்ணி கிடையாததால பிரிசர்வேட்டிவும் தேவையில்ல, அதனால ஒவ்வாமை ரொம்ப ரொம்ப அபூர்வம். எதைத் தடவினாலும் எரியுதுங்கிற நிலைமைல இருக்கிறவங்களுக்கு இது பெரிய வரம். மைனஸ் என்னன்னா பிசுபிசுப்பு, தலகாணி உறை எல்லாம் ஒட்டும், வேர்க்கிற சூழ்நிலைல வேர்க்குரு கிளம்பும், வெறும் காஞ்ச தோல் மேல தடவினா புதுசா தண்ணியக் கொண்டு வராது, இருக்கிறதை மட்டும் பூட்டி வைக்கும். அதனால மூஞ்சி கழுவி லேசா ஈரம் இருக்கும்போதே ஒரு பட்டாணி அளவு எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சு உருக்கிட்டு ஒத்தி ஒத்தி வைங்க, வழிச்சு அப்பாதீங்க. அப்புறம் ஸ்லக்கிங்னு (ராத்திரி கடைசியா மூஞ்சி பூரா வாஸலின் பூசிக்கிறது) சொல்லிட்டு ரெட்டினால் மேலயோ ஆசிட் மேலயோ இதைப் போடாதீங்க, அடியில இருக்கிறது இன்னும் ஆழமா இறங்கி வேலையக் காட்டிடும், இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. பெட்ரோலேட்டம்னு இல்ல, எந்த கிரீமா இருந்தாலும் ஊறிப்போன துணி சீக்கிரம் தீப்பிடிக்கும், உடம்பு பூரா தடவிக்கிறவங்க அடுப்பு, சிகரெட் பக்கம் ஜாக்கிரதை.

செராமைட் கிரீம். லாஜிக் ரொம்ப அழகு, சாந்துல எது குறையுதோ அதையே வெளிய இருந்து குடு. ஆனா இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. 1990கள்ல பண்ணின சோதனைகள்ல செராமைட், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் இந்த மூணுல ஒண்ணையோ ரெண்டையோ மட்டும் தடவினா ரிப்பேர் வேகமாகல, சொல்லப்போனா தாமதமாச்சு. மூணையும் சம அளவுல குடுத்தா வழக்கமான வேகம், அதுல ஒண்ணை மட்டும் மூணு பங்கா ஏத்தினாத்தான் வழக்கத்தை விட வேகம். டப்பா முன்னாடி பெருசா செராமைட்னு போட்டிருந்தா போதாது, பின்னாடி திருப்பி கொலஸ்ட்ராலும் ஏதாவது ஒரு கொழுப்பு அமிலமும் இருக்கான்னு பாக்கணும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல. பொருள் பட்டியல்ல 1 சதவீதத்துக்குக் கீழ இருக்கிறதை எந்த வரிசைல வேணா எழுதிக்கலாம். ஃபீனாக்ஸி எத்தனால்ங்கிற பிரிசர்வேட்டிவ் பொதுவா 1 சதவீதத்தைத் தாண்டாது, உங்க செராமைட் அதுக்கும் பின்னாடி உக்காந்திருந்தா அது எவ்வளவு இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதுக்காக அந்த கிரீம் வேஸ்ட்னு சொல்ல வரல, பெரும்பாலும் அதுல கிளிசரின், டைமெத்திகோன்ங்கிற சிலிகோன், சில சமயம் பெட்ரோலேட்டமே நல்லா இருக்கும், வேலையப் பாதிக்கு மேல அதுங்கதான் செய்யுது, பேர் மட்டும் செராமைட்டுக்குப் போகுது. ஆபீஸ்ல எல்லாம் நடக்கிறதுதானே.

அப்ப செராமைட் யாருக்கு? பகல்ல பிசுபிசுப்பு தாங்க முடியாதவங்க, முகப்பரு மருந்து போட்டே ஆகணும்ங்கிறவங்க, வயசான தோல், எக்ஸிமா இருக்கிறவங்க. இவங்களுக்கு நான் கண்ணை மூடிட்டு சொல்வேன், ஆனா வாசனை இல்லாததா, பட்டியல் சின்னதா.

கிளிசரின், யூரியா, ஹ்யலூரானிக் ஆசிட் இது மூணும் தண்ணியப் பிடிச்சு வைக்கிற கேஸ். இதுல கிளிசரினை ஏன் யாரும் கொண்டாட மாட்டேங்கிறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல, தோலே உள்ள வச்சிருக்கிற பொருள், சின்ன மூலக்கூறு, உள்ளயும் இறங்கும், விலையும் ஒண்ணும் இல்ல. ஹ்யலூரானிக் ஆசிட் சாதாரணமா பெரிய மூலக்கூறு, மேலயே நிக்கும், அது மேல வேற எதுவும் போடாம விட்டா காஞ்சு இறுக்குற ஃபீலிங் வரும், உடைஞ்ச பேரியருக்கு அதுக்குன்னு தனியா ஒரு சீரம் தேவையே இல்லன்னு நான் சொல்வேன்.

யூரியா கதை வேற, அளவைப் பொறுத்து ஆளே மாறிடும். 5லேருந்து 10 சதவீதம் வரைக்கும் ஈரம் பிடிக்கும், பேரியரும் பலமாகும், 20க்கு மேல போனா தடிச்ச தோலைக் கரைச்சு உரிக்க ஆரம்பிக்கும், அது குதிகாலுக்கு, மூஞ்சிக்கு இல்ல. 2009ல வந்த ஒரு ஸ்வீடன் ஆய்வுல, மருந்து போட்டு ஆறின எக்ஸிமாக்காரங்கள்ல 5 சதவீத யூரியா கிரீம் தொடர்ந்து போட்டவங்களுக்குத் திரும்ப வர்றதுக்கு இடைநிலைக் கணக்குல 180 நாளுக்கும் மேல ஆச்சு, ஒண்ணும் போடாதவங்களுக்கு 30 நாள். கவனிங்க, ஆறினதுக்கு அப்புறம். வெடிச்சு சிவந்து இருக்கும்போது யூரியா போட்டா கண்ணுல தண்ணி வரும், நான் புறங்கைல ஒரு வெடிப்பு மேல போட்டுட்டு ஓடிப்போய்க் குழாயத் திறந்திருக்கேன்.

எண்ணெய். இதுல இயற்கை, நல்லது, அவ்வளவுதான்னு பேச்சை முடிக்கிறவங்ககிட்ட எனக்கு ஒரு சின்ன சண்டை உண்டு. எண்ணெய்ன்னா எல்லாம் ஒண்ணு இல்ல. 2013ல இங்கிலாந்துல ஒரு ஆய்வு, கைக்கு ஆறு சொட்டு, நாளைக்கு ரெண்டு வேளைன்னு சில வாரம் தடவ வச்சாங்க. ஆலிவ் எண்ணெய் தடவின பக்கம் பேரியர் பலவீனமாச்சு, லேசா சிவக்கவும் செஞ்சுது, இத்தனைக்கும் அதுல எக்ஸிமாவே வராதவங்களும் இருந்தாங்க. சூரியகாந்தி எண்ணெய் தடவின பக்கம் ஒண்ணும் ஆகல, ஈரம் கூடுச்சு. காரணம், ஆலிவ்ல ஒலியிக் அமிலம் ஜாஸ்தி, அது அந்த சாந்தையே குழப்பி விட்டுடும், மருந்தைத் தோலுக்குள்ள இறக்குறதுக்கே ஒலியிக் அமிலத்தைப் பயன்படுத்துறாங்கன்னா பாத்துக்கோங்க. சூரியகாந்தில லினோலியிக் ஜாஸ்தி, அது தோல் தன்னோட செராமைட்டைக் கட்ட எடுத்துக்கிற சரக்கு. ஆனா ஹை ஒலியிக்னு போட்டு விக்கிற சூரியகாந்தியும் இருக்கு, அதை எடுத்தா திரும்ப ஆலிவ் கதைதான். தேங்காய் எண்ணெய் வறண்ட உடம்புக்கு நல்லா வேலை செய்யுது, முகப்பரு வர்ற முகத்துக்கு நான் சொல்ல மாட்டேன். மலசீசியான்னு தோல்ல வாழுற பூஞ்சைக்கும் இந்தக் கொழுப்பு அமிலங்கள்தான் சாப்பாடு, நெத்தில ஒரே மாதிரி பொடிப்பொடியா அரிக்கிற கட்டி வர்றவங்க எண்ணெய் பக்கமே போகாதீங்க. மொத்தத்துல எண்ணெய் கை கால் உடம்புக்கு ஓகே, உடைஞ்ச முகத்துக்கு என் லிஸ்ட்ல கடைசி.

நியாசினமைட் (வைட்டமின் பி3 வகை) பத்தி ஒரே வரி, தோல் தன்னோட செராமைட்டைத் தயாரிக்கிறதை இது தூண்டும், உண்மைதான், 2லேருந்து 5 சதவீதம் போதும், 10 சதவீதம் சீரம் எரியிற மூஞ்சில போட்டா சிவந்துதான் போகும், எரிச்சல் அடங்கின பிறகு வாங்க.

கிரீமைப் பத்தி இவ்வளவு யோசிக்கிற நாம கழுவுறதைப் பத்தி யோசிக்கிறதே இல்ல, என்னைக் கேட்டா அங்கதான் பாதி முடிவு இருக்கு. தோலோட பி ஹெச், அதாவது புளிப்பா காரமான்னு சொல்ற அளவு (7க்கு மேல போனா காரம்), ஏறக்குறைய 4.5லேருந்து 5.5, லேசான புளிப்பு, இதுக்கு 1928லயே அமிலப் போர்வைன்னு பேரு வச்சுட்டாங்க. சாதாரண சோப்புக் கட்டி 9, 10ல இருக்கும். செராமைட்டைத் தயார் பண்ற என்சைம்கள் புளிப்புலதான் ஒழுங்கா வேலை செய்யும், காரம் ஏறினா அது மந்தமாகி சுவரை இடிக்கிற என்சைம்கள் சுறுசுறுப்பாகும். அதனால சோப்பா, சிண்டெட் பாரா (சோப்பு இல்லாத, காரம் கம்மியான கட்டி), வெறும் தண்ணியான்னு கேட்டா, காலைல வெறும் தண்ணி, ராத்திரி சன்ஸ்க்ரீன் போட்டிருந்தா நுரை கம்மியா வர்ற சிண்டெட். மூஞ்சி கழுவினதும் கிறீச்னு சத்தம் வர்ற சுத்தம் வேணும்னு நினைக்கிறோம் பாருங்க, அந்த சத்தமே சாந்து போன சத்தம்தான்.

கைக்கு ஒரு ஆச்சரியம் இருக்கு. அடிக்கடி கை கழுவுற வேலைல இருக்கிறவங்களுக்கு, கை பாக்க அழுக்கா இல்லாத நேரத்துல, சோப்பை விட ஆல்கஹால் ஹேண்ட் ரப் தோலைக் கம்மியாத்தான் கெடுக்குது, வெடிச்ச கைல போட்டா எரியிறதால எல்லாரும் தலைகீழா நம்புறாங்க.

சில சமயம் மாய்ஸ்சரைசரே வில்லன். அக்வஸ் கிரீம்னு ஒண்ணு இங்கிலாந்துல எக்ஸிமாவுக்கு வருஷக்கணக்கா எழுதிக் குடுத்துட்டு இருந்தாங்க, அதுல சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கு, ஷாம்புல வர்ற அதே நுரைப்பொருள். 2010ல பாத் பல்கலைக்கழகத்துல ஆரோக்கியமான ஆளுங்க கைல 4 வாரம் தடவ வச்சுப் பாத்தா மேல் அடுக்கு சராசரியா 12 சதவீதம் மெலிஞ்சிருந்துது. 2013ல அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டுது. அதனால கிரீம்னு பேர் இருந்தாலும் பட்டியலைப் படிங்க. லேனோலின், அதாவது ஆட்டு ரோமத்துலேருந்து எடுக்கிற மெழுகு, நல்ல பொருள்தான், ஆனா ஒவ்வாமை உள்ளவங்களுக்கு அதுவே புதுத் தலைவலி.

லோஷனா, ஜெல்லா, கிரீமா, ஆயின்மென்டாங்கிற சண்டைக்கு மட்டும் ஒரு நல்ல தீர்ப்பு வந்திருக்கு. 2022ல வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வுல எக்ஸிமா உள்ள 550 பசங்களை நாலா பிரிச்சு ஆளுக்கு ஒரு வகை குடுத்தாங்க, எக்ஸிமா கட்டுப்படுறதுல நாலுக்கும் வித்தியாசமே இல்ல. ஜெயிச்சது எது தெரியுமா, யாருக்கு எது பிடிச்சு விடாமப் போட்டாங்களோ அது. கெட்டியா இருந்தாத்தான் பவர்னு நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன்.

சரி நான் என்ன முடிவு எடுத்தேன்? ராத்திரி ஈரமான முகத்துல கிளிசரின் அதிகம் இருக்கிற சாதாரண லோஷன், அது மேல கன்னத்துலயும் மூக்கு ஓரத்துலயும் மட்டும் மெல்லிசா வாஸலின். பகல்ல செராமைட் கிரீம், அதுக்கு மேல ஜிங்க் ஆக்ஸைடு சன்ஸ்க்ரீன், ஏன்னா மத்த சன்ஸ்க்ரீன் எல்லாம் அப்ப எரிஞ்சுது. கை காலுக்கு சூரியகாந்தி எண்ணெய், குதிகாலுக்கு யூரியா. ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும்னு யாராவது என் கழுத்துல கத்தி வச்சா வாஸலின்தான் எடுப்பேன், செராமைட் இல்ல. ரெண்டு வாரத்துல செதில் போச்சு, சிரிச்சா வர்ற அந்தக் கசங்கல் கோடு முழுசா மறைய ஒண்ணரை மாசம் ஆச்சு.

உங்களுக்கு மூணு நாலு வாரம் எல்லாத்தையும் நிறுத்தியும் சரியாகல, இல்ல நீர் கசியுது, மஞ்சளாப் பொருக்கு கட்டுது, ராத்திரி தூங்க விடாம அரிக்குதுன்னா இந்த கம்பேரிசன் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு தோல் டாக்டரைப் பாருங்க, அது வெறும் பேரியர் பிரச்சினையா இல்லாம எக்ஸிமாவா, முகம் சிவந்தே இருக்கிற ரோசேஷியாவா, ஒவ்வாமையா, தொற்றான்னு அவங்கதான் சொல்ல முடியும். தயவுசெஞ்சு யாரோ குடுத்த ஸ்டீராய்டு கிரீமை நீங்களா மூஞ்சில தடவாதீங்க, ரெண்டு நாள்ல பளிச்னு ஆறும், ஆனா மாசக்கணக்கா ஓட்டினா சுவரையே மெலிய வச்சுட்டுப் போயிடும்.

பழைய பொருட்களை எப்ப திரும்ப ஆரம்பிக்கலாம்னா, தண்ணியும் சாதா கிரீமும் எரியாம முழுசா ஒரு மாசம் போகட்டும், அப்புறம் ஒண்ணே ஒண்ணு, வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, முதல்ல மாய்ஸ்சரைசர் அது மேல ரெட்டினால். நானும் அப்படித்தான் ரெட்டினாலுக்குத் திரும்பினேன். கிளைகாலிக் டோனர் பாட்டில் இன்னும் பாதி மிச்சம் இருக்கு, குதிகாலுக்கு ஊத்திட்டு இருக்கேன்.